முனைக்கத்திக்குத் தடை

அன்புள்ள சார்,

டெக்சாஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். பள்ளிக்குள் துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் எங்கே ஒளிவது என்று என் பேரனுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவனுக்கு ஆறு வயது. ஏஆர்-15 மாதிரித் துப்பாக்கிகளைத் தடை செய்துவிட்டால் என்ன? மருமகனைக் கேட்டால், “அதெல்லாம் ஒரு தடவை போட்டுப் பார்த்தாச்சு மாமா, பிரயோஜனமில்லை” என்கிறார். உண்மையா?

சண்முகம், ஈரோடு

அன்புள்ள சண்முகம்,

பாதி உண்மை. 1994 செப்டம்பரில் கிளிண்டன் கையெழுத்திட்ட அந்தத் தடைச் சட்டத்துக்குப் பத்தே வருடம்தான் ஆயுள். 2004இல் காலாவதியானபோது யாரும் புதுப்பிக்கவில்லை.

ஏஆர்-15 இயந்திரத் துப்பாக்கி இல்லை. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா. அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பல துப்பாக்கிகளும் இதே ரகம்தான். அப்படியானால் எதைத் தடுப்பது? சட்டம் எழுதியவர்கள் சிலவற்றைப் பெயர் சொல்லித் தடுத்தார்கள். மற்றவற்றுக்குத் தோற்றத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியை, கழற்றி மாட்டக்கூடிய ரைஃபிளில் மடக்கும் பின்கட்டை, பிஸ்டல் கைப்பிடி, முனைக்கத்தி (குழல் முனையில் பொருத்தும் பயோனெட்) மாட்டும் கொக்கி என்று ஒரு பட்டியல் போட்டு, இரண்டு அம்சம் இருந்தால் தடை என்றார்கள். கம்பெனிகள் கொக்கியை அறுத்துவிட்டு, ஏறக்குறைய அதே துப்பாக்கியை வேறு பெயரில் விற்றன. முனைக்கத்தியால் குத்துப்பட்டுச் சாவதைப் பற்றி யார் கவலைப்பட்டார்களோ! ஏற்கெனவே விற்றுப்போனவற்றை யாரும் தொடவே இல்லை.

கனெக்டிகட் மாநிலத்தில் இதே பாணிச் சட்டம் 2012இலும் அமலில் இருந்தது. அந்த டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற ரைஃபிள் அந்தச் சட்டப்படி செல்லுபடியானது.

மருமகன் விட்டுவிட்ட பாதி, மேகசின். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புது மேகசின்களையும் 1994 சட்டம் தடுத்தது. பழைய சரக்கு கடைகளில் இருந்ததால் அதுவும் ஓட்டைதான், ஆனால் சரியான இடத்தில் கை வைத்த ஒரே பகுதி அதுதான். 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசானில், நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருவன் சுட்டான். கைத்துப்பாக்கிதான், ஆனால் 33 தோட்டா மேகசின். ஆறு பேர் செத்தார்கள். மேகசின் காலியாகி, அடுத்ததை மாட்டப் போனபோது கீழே விழுந்த மேகசினை அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் அவனை அமுக்கிவிட்டார்கள். அந்தச் சில நொடி இடைவெளி பத்துத் தோட்டாவிலேயே வந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவை இங்கே எல்லோரும் உதாரணம் காட்டுகிறோம். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் செத்த பன்னிரண்டாம் நாளே அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட் மாநிலங்களோடு உடன்பாட்டுக்கு வந்தார். அங்கே கொக்கியை எண்ணவில்லை. சுடும் முறையைப் பார்த்துத் தடுத்தார்கள், சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அமெரிக்காவில் அது கஷ்டம். சாண்டி ஹூக்குக்குப் பிறகுகூட, 2013இல், செனட்டில் தடைக்கு 40 ஓட்டுதான் விழுந்தது. போதாததற்கு, ‘பரவலாகப் புழங்கும் ஆயுதம்’ என்பதே 2008 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தடைக்கு எதிரான வாதமாகிவிட்டது. விற்க விற்க அந்தத் துப்பாக்கிக்குச் சட்டப் பாதுகாப்பும் கூடுகிறது.

இன்னொன்று. அங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. எந்த ஏஆர்-15 தடையும் அதைக் குறைத்துவிடாது.

மருமகன் அடுத்த முறை போனில் வந்தால் துப்பாக்கியை விட்டுவிட்டு மேகசினைப் பற்றிக் கேளுங்கள். டெக்சாஸில் 30 தோட்டா மேகசின் வாங்க எந்தத் தடையும் இல்லை.