பதில்: புலம்பெயர் நாவல் ப்ராஜெக்ட், கைடு திருப்பி அனுப்பிட்டாரு

தம்பி, தர்மபுரில எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறேன், ஜும்பா லாஹிரியோட 'தி நேம்சேக்' (2003) எடுத்தேன், எவ்ளோ எழுதினாலும் "ரெண்டு கலாச்சாரத்துக்கு நடுவுல தவிக்கிறான்"ங்கறத தாண்டலன்னு போட்டிருக்கீங்க. அந்த வரிய முதல்ல தூக்குங்க, எந்த புலம்பெயர் நாவலுக்கும் ஒட்டும், அதான் பிரச்சினையே.

நாவலோட ஹீரோ கோகோல விட்டுட்டு அவன் அம்மா அஷிமாவ பிடிங்க. நாவல் 1968ல ஆரம்பிக்குது, நிறைமாச கர்ப்பிணி, அமெரிக்காவுல ஒரு சின்ன கிச்சன்ல ரைஸ் கிறிஸ்பீஸ், கடலை, வெங்காயமெல்லாம் போட்டு கல்கத்தா பிளாட்பார பொரிய செஞ்சு பாக்குறா, ஏதோ குறையுது. அதே பொண்ணு கடைசில புருஷன் போனப்புறம் வீட்ட வித்துட்டு ஆறு மாசம் இந்தியா ஆறு மாசம் அமெரிக்கான்னு தானே முடிவு பண்றா. பையன் கோகோல் தன் பேர நிகில்னு மாத்தியும் நிம்மதி இல்லாம அலையறான். ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சாலே ஒரு சாப்டர் தேறும்.

தமிழ்ல ஒப்பிடணும்னா ப.சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'. ரெண்டாம் உலகப்போர் காலத்துல இந்தோனேசியாவோட மெடான், மலேயாவோட பினாங்குன்னு திரியற ஹீரோ பாண்டியனுக்கு மனசு பூரா மதுரை தெரு.

அப்புறம் நீங்க சொன்ன, உங்க ஓசூர் வீட்ல தெலுங்கு, வெளிய தமிழ்ங்கறத முன்னுரைல ஒரு பத்தி எழுதலாம், ஆனா அத புலம்பெயர்வுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, தலைமுறையா அதே மண்ணுல இருக்கறவங்க கதை வேற, விசா எடுத்து போனவங்க கதை வேற.

அவுட்லைன் போட்டதும் இங்கயே போடுங்க, பாக்கறேன்.