நர்சிங் மூன்றாம் ஆண்டு, வார்டுக்குப் போனால் கை கால் ஓடவில்லை. வேலையில் திறமை எப்படி வரும்?

தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறேன், ஆனால் நோயாளி முன்னால் நின்றால் படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சர்ஜிக்கல் வார்டில் இப்போது பதினோரு வருடம் ஆகிறது. முதல் வருடம் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

அது ஒரு தனியார் மருத்துவமனை. நைட் டூட்டி, என் பொறுப்பில் 14 பேர். அவர்களில் ஒருவர் குடல் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாளில் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தண்ணீர் வேண்டும் என்றால்கூடத் தயங்கித்தான் கேட்பார். காலை 6 மணிக்கு டிபிஆர் (காய்ச்சல், நாடி, மூச்சு) எடுத்தேன். காய்ச்சல் 99.8, நாடி 104, பிபி 110/70. மூச்சு? மற்ற 13 பேருக்கும் எழுதிய அதே 20ஐ அவருக்கும் எழுதினேன். எண்ணவே இல்லை. யார்தான் எண்ணுகிறார்கள் என்று தோன்றினால் உங்கள் வார்டு சார்ட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 18, 20, 18, 20 என்று புள்ளிக் கோலம் மாதிரி வரிசையாக இருக்கும்.

காலை ஷிப்டுக்கு ஹேண்டோவர் (நோயாளிகளின் பொறுப்பை) வாங்க வந்த சீனியர் அக்கா அவர் கட்டிலருகே நின்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அவர் நெஞ்சில் வைத்து முழுசாக ஒரு நிமிடம் நின்றார். "முப்பத்திரண்டு. டாக்டரைக் கூப்பிடு" என்றார். உள்ளே தையல் போட்ட இடத்தில் கசிவு. மதியத்துக்குள் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று அவர் மனைவி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார், எனக்கும்தான். அதைக் கை நீட்டி வாங்கிய கூச்சம் இன்னும் போகவில்லை.

பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்பது எனக்குத் தெரியாததா? உடம்புக்குள் கிருமி பரவும்போது ரத்தத்தில் அமிலம் ஏறும், அதை ஈடுகட்ட நுரையீரல் வேகமாக ஓடும், பிபி இறங்குவதற்கு வெகு நேரம் முன்பே மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். பரீட்சையில் கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். பிரிட்டனில் 2012 முதல் புழங்கும் 'நியூஸ்' என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 25ஐத் தொட்டாலே அதற்கான உச்சப் புள்ளியான 3 விழும். என் நோயாளி அதையும் தாண்டியிருந்தார். நான் 20 என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதனால், திறமை என்று நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போடுவது, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவது எல்லாம் செய்யச் செய்ய வந்துவிடும். லேபில் இருக்கும் பொம்மை கையை இழுத்துக்கொள்ளாது, "அம்மா" என்று கத்தாது, அதனால் முதல் ஐந்தாறு முறை எல்லோருக்கும் தவறத்தான் செய்யும். கண் பழகுவதுதான் லேசில் வராது. உதாரணத்துக்கு டிரிப். 500 மில்லி, 6 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 28 சொட்டு என்று கணக்கைப் போட்டுவிடுவீர்கள். அந்தப் பாட்டி கையை மடக்கிப் படுத்ததும் அது பத்தாகக் குறைந்திருப்பதை யார் பார்ப்பது?

இன்சுலினும் அப்படித்தான். அது வேலை செய்யும் விதம், வகைகள், பக்க விளைவு என்று ஒப்பிப்பீர்கள். சிரிஞ்சு மூடியின் நிறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட்டுக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை இறங்கி ஆள் மயங்கிப்போக அது போதும். நம் ஊர் வார்டுகளில் இரண்டு வகைக் குப்பியும் வருகிறது. எத்தனை வருடம் ஆனாலும் குப்பியையும் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இழுக்கிறேன்.

அப்புறம், டாக்டரைக் கூப்பிடும் பேச்சு. கல்லூரியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. "சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்காரு" என்று போன் செய்தால், ராத்திரி இரண்டு மணிக்கு "சரி, பார்த்துக்கோங்க" என்றுதான் பதில் வரும். "சார், ஆண்கள் சர்ஜிக்கல், 12ஆம் கட்டில், குடல் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். மூச்சு 32, நேற்று ராத்திரி 18. வயிறு இறுகியிருக்கு. கசிவோன்னு சந்தேகமா இருக்கு, நீங்க இப்பவே வந்து பார்க்கணும்" என்று சொல்லிப் பாருங்கள், வருவார். நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, நம் வேண்டுகோள் என்ற இந்த வரிசைக்கு எஸ்பார் என்று பெயர். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. ஹாஸ்டல் ரூமில் தோழியை டாக்டராக்கிப் பேசிப் பழகுங்கள். முதலில் சிரிப்பு வரும், பரவாயில்லை.

போஸ்டிங்கில் லாக் புக்குக்குக் கையெழுத்து வாங்க ஓடுவதைத் தவிர்க்க முடியாது, தெரியும். அதற்கு நடுவே தினமும் ஒரே ஒரு நோயாளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டை அப்புறம் திறங்கள், முதலில் ஆளைப் பாருங்கள். கூட இருக்கும் சொந்தக்காரரிடம் "நேத்தைக்கு இப்போ எப்படி இருக்கார்?" என்று கேளுங்கள். மாற்றத்தை நம்மைவிட அவர்கள் முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்டாஃப் சிஸ்டரிடம் சந்தேகம் கேட்பதற்கும் நேரம் உண்டு. காலை 8 மணி மருந்து நேரத்தில் கேட்டால் திட்டுதான் கிடைக்கும். ரவுண்ட்ஸ் முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது கேட்டால் கதையோடு பதில் வரும்.

இன்னும் எத்தனை நாள் இப்படி என்று கேட்டால், பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1984இல் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளைச் சொன்னார். மூன்றாவது படியான 'தேர்ந்தவர்' நிலைக்கே ஒரே மாதிரி வார்டில் இரண்டு, மூன்று வருடம் ஆகும் என்பது அவர் கணக்கு. நீங்கள் இன்னும் முதல் படியில் நிற்கிறீர்கள். கை கால் ஓடாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. (அங்கே நின்றுகொண்டு எல்லாம் தெரியும் என்பவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.)

எங்கள் வார்டுக்கு வரும் மாணவிகளிடம் முதல் நாள் ஊசி டிரேயைக் கொடுக்க மாட்டேன். ஒருவர் மூச்சை அவருக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் எண்ணிவிட்டு வா என்பேன். போன மாதம் ஒரு பெண் ரொம்ப நேரம் கழித்து வந்தாள். "சிஸ்டர், தாத்தா தூங்கும்போது 14. எழுந்து பேரனோட சண்டை போட்டப்புறம் 22. எதை எழுத?"

இரண்டையும் நேரம் போட்டு எழுது என்றேன்.