ஏழுக்கு நாலு போதாதா?

கேள்வி: ஆளைப் பார்த்தே உள்நோயைச் சொல்வதாகக் கூறிய ரஷ்யப் பெண் நடாஷா டெம்கினா, 2004 நியூயார்க் சோதனையில் 7-க்கு 4 சரியாகச் சொன்னாராமே. அது தோல்வியா?

பதில்: தோல்விதான். 5 வேண்டும் என்பது முன்பே பேசிவைத்த நிபந்தனை. உடல்நிலை எழுதிய 7 அட்டைகளை உரிய 7 பேருக்குப் பொருத்துவதே சோதனை. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாலும், 5040 வகைகளில் 92-இல் நாலோ அதற்கு மேலோ பொருந்திவிடும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் 22 தான். (சரியாக ஆறு மட்டும் பொருந்தவே முடியாது, போட்டுப் பாருங்கள்!)

பெரிய ஓட்டை வேறிடம்: ஆட்கள் அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வயது, முகக்களை, உட்காரும் விதம் எல்லாமே துப்பு. சரியாகச் சோதிக்க வேண்டுமானால், ஒரே வயது, ஒரே பாலினத்தவரைத் தேர்ந்து, கழுத்துவரை போர்வை போர்த்தி, சீட்டுக் குலுக்கி வரிசைப்படுத்துங்கள். அழைத்து வருபவருக்கும் விடை தெரியக்கூடாது. அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.