கேட்டா சொல்லுதோம்: டிசம்பரில் ஓர் உலகம்

கற்பனை உலகங்களை உருவாக்கிப் பதிந்துவைக்க உதவும் 'வேர்ல்ட் ஆன்வில்' இணையதளம் ஆண்டுதோறும் டிசம்பரில் 'வேர்ல்ட் எம்பர்' என்ற சவாலை நடத்துகிறது. மாதம் முடிவதற்குள் ஒரு கற்பனை உலகத்தைப் பற்றி 10,000 சொல் எழுத வேண்டும். கதை எழுதும் சவால் அல்ல. அந்த உலகத்து ஆறு, ஊர், சட்டம், சாமி, சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. அதைத் தமிழில் எழுதிப் பார்க்க நம் சீமையில் பலர் இறங்கியிருப்பது வந்திருக்கும் கேள்விகளில் தெரிகிறது.

நவம்பர் முழுசா கையில இருக்கு அண்ணாச்சி. தெனமும் எவ்வளவு எழுதணும், அதுக்கு முன்னால என்ன செஞ்சு வைக்கணும்?
*– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை*

10,000-ஐ 31-ஆல் வகுத்தால் நாளைக்கு 323 சொல். அந்தக் கணக்கை நம்பி இறங்காதீர்கள். தேர்வு, கிறிஸ்துமஸ், விருந்தாளி, அடைமழையில் போகும் கரண்ட் எல்லாம் அதே மாதத்தில்தான் வரும். ஏழு நாளை முதலிலேயே கழித்துவிடுங்கள். மீதி 24 நாளுக்கு, நாளொன்றுக்கு 417 சொல். இதுதான் உண்மையான கணக்கு.

அடுத்து, எல்லாப் பதிவையும் ஒரே நீளத்தில் திட்டமிடாதீர்கள். 800 சொல்லில் நாலு, 400 சொல்லில் பன்னிரண்டு, 100 சொல்லில் இருபது. கூட்டினால் சரியாகப் பத்தாயிரம். அசதியான நாளில் 100 சொல் பதிவு நாலை முடித்தாலும் அன்றைய கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரே ஒரு பக்கம்: உலகம் எவ்வளவு பெரிது, அங்கே எது அருமை, அது யார் கையில் இருக்கிறது, கிடைக்காதவர் என்ன செய்கிறார்கள். இரண்டாம் வாரம் வரைபடம். மூன்றாம் வாரம் அந்த 36 தலைப்புகளையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டே வரிக் குறிப்பு. கடைசி வாரம் சும்மா இருங்கள், நிஜமாகவே. முன்கூட்டி எழுதிய பத்திகள் இத்தகைய சவால்களில் கணக்கில் சேராது. ருசியான பகுதியை நவம்பரிலேயே எழுதித் தீர்த்தவர்களுக்கு டிசம்பரில் கை ஓடுவதுமில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. எண்ணும் கருவி இடைவெளியைத்தான் எண்ணுகிறது. ஆங்கிலத்தில் ஆறு சொல் பிடிக்கும் செய்தியை 'அவனால் வரமுடியவில்லை' என்று இரண்டில் முடித்துவிடுகிறோம். ஆகவே தமிழில் 7,000 எழுதினாலே நல்ல உழைப்பு. தளம் தரும் பதக்கம் வேண்டுமானால் 10,000 எட்டத்தான் வேண்டும். அதற்காக 'வர முடிய வில்லை' என்று கூறுபோடுவது மட்டும் வேண்டாம், பார்க்கச் சகிக்காது.

ரெண்டு வாரமா மேப் வரைஞ்சுக்கிட்டே இருக்கேன். மலை எங்க, கடல் எங்கன்னு முடிவுக்கு வர முடியல.
*– ஆசிரியை, அம்பாசமுத்திரம்*

டீச்சர், மலையை வைத்து ஆரம்பிப்பதால்தான் இழுக்கிறது. காற்றை வைத்து ஆரம்பியுங்கள். எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று இரண்டு அம்புக்குறி போட்டால் பாதி வரைபடம் முடிந்தது.

உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றாலே பாடம் தெரியும். ஜூனில் தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று பொதிகையில் முட்டி மேலேறிக் குளிர்கிறது, மேற்குச் சரிவிலும் உச்சியிலும் கொட்டித் தீர்க்கிறது. கிழக்கே சமவெளிக்கு வறண்ட காற்றுத்தான் மிச்சம். செங்கோட்டைக் கணவாய் இருப்பதால் அந்த வாசல் வழியாகச் சாரல் உள்ளே வருகிறது, குற்றாலத்தில் சீசன் களைகட்டுகிறது. அங்கிருந்து சங்கரன்கோவில் பக்கம் போனால் கரிசல் காய்ந்து கிடக்கும். அக்டோபரில் காற்று திசை மாறி வங்கக் கடலிலிருந்து மழை வருகிறது. 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையில் பிறக்கும் தாமிரபரணிக்கு இரண்டு மழையும் கிடைப்பதால்தான் கார், பிசானம் என்று இரண்டு பருவம் நெல். மலையில் ஒரு கணவாயை எங்கே வைக்கிறோம் என்பது எந்த ஊரில் எத்தனை போகம் என்பதையே மாற்றிவிடும்.

அளவுக்கு வருவோம். ஏ4 தாளின் நீளவாக்கில் 1 செ.மீ.க்கு 5 கி.மீ. என்று வையுங்கள். சுமார் 128 கி.மீ. ஓடும் தாமிரபரணி அந்தத் தாளில் 26 செ.மீ.க்குள் அடங்கிவிடும். முதல் முயற்சிக்கு இதற்கு மேல் நிலம் வேண்டாம். மாட்டுவண்டி ஒரு நாளைக்கு 25 கி.மீ. போகும் என்றால் மலையடிவாரத்திலிருந்து கடலுக்கு ஐந்து நாள். மலையில் நடந்த கொலை மறுநாளே துறைமுகத்தில் தெரிகிறது என்று எழுதினால், யார் எதில் ஏறி வந்து சொன்னார்கள் என்று ஒரு பதிவு பாக்கி விழும்.

அடிக்கடி நடக்கும் பிழை: ஓர் ஆறு நடுநாட்டில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போகும். ஆறுகள் இறங்க இறங்க ஒன்றோடொன்று சேரும், பிரிவது பெரும்பாலும் கழிமுகத்துக்குப் பக்கத்தில்தான். நடுவில் பிரித்தே ஆக வேண்டுமா? அணை கட்டி, கால்வாய் வெட்டிப் பிரியுங்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது. அணை வந்தவுடன் தலைமடை, கடைமடைச் சண்டை தானாக வரும். மதகுச் சாவி யார் மடியில் இருக்கிறது என்று 800 சொல் எழுதலாம்.

ஆறு வண்டலையும் கொண்டுவரும். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுக் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே கிடக்கிறது. வணிகம் காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது, பிறகு புன்னைக்காயலுக்கு. உங்கள் உலகத்திலும் செத்த துறைமுகம் ஒன்று, உயிரோடு இருப்பது ஒன்று, இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில என்று வைத்தால், ஒரு போரும் எழுதாமலே முந்நூறு ஆண்டு வரலாறு கிடைத்துவிடும்.

தேரியும் (செம்மணல் மேடு) பனையுமா ஒரு உலகம் யோசிச்சிருக்கேன். அதுல மந்திரம் உண்டு. மந்திரத்துக்கு விதி எழுதணும்னு சொல்லுதாவளே, எப்படி?
*– வாசகர், உடன்குடி*

மந்திரத்தை ஒரு தொழிலாகப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பனையேற்றையே எடுத்துக்கொள்வோம். காலில் தளைநார், இடுப்பில் அருவாள் பெட்டி. பாளையைத் தினமும் சீவிவிட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் ஊற்றுக் குறையும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். புளித்துப்போனதை எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி உறையாது, பாகாகவே நிற்கும். நன்றாக வந்தால் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்துத் தட்டி எடுக்கலாம்.

இதில் உங்களுக்கு வேண்டிய விதி எல்லாம் இருக்கிறது. தினசரி உழைப்பு, எது சேர்ந்தால் கெடாது, கெட்டால் என்னவாகும், கெட்டதற்கும் ஒரு சந்தை உண்டா. மந்திரத்துக்கும் இந்த நாலையும் எழுதுங்கள், ஐந்தாவது தேவையில்லை. கெட்டுப்போன மந்திரத்தை யார் ரகசியமாக வாங்குகிறார்கள் என்ற கேள்விதான் இவற்றில் நல்ல பதிவு தரும்.

சங்கிலியையும் பிடித்துப் போகலாம். சுண்ணாம்பு எங்கிருந்து? கடற்கரையில் சிப்பி சுடுகிறவரிடமிருந்து. காய்ச்ச விறகு? காய்ந்த ஓலையும் மட்டையும். மரம் யாருடையது, பாட்டம் (குத்தகை) எவ்வளவு? பனை ஓய்ந்திருக்கும் மாதங்களில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? ஒரு கலயத்திலிருந்து நாலைந்து பதிவு வந்துவிட்டது. பேரரசர் பட்டியலிலிருந்து ஆரம்பிப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

பேர் வைக்கதுலயே நேரம் போயிருது.
*– வாசகி, நாங்குநேரி*

நவம்பரிலேயே 40 பெயர் எழுதி வைத்துவிடுங்கள்: ஊருக்கு 20, ஆளுக்கு 15, நீர்நிலைக்கு 5. ஊர்ப் பெயரின் ஈற்றை நிலத்தோடு சேர்த்து முடிவு செய்யுங்கள். நம் பக்கம் குளத்தை ஒட்டிய ஊர்கள் குளம், ஏரி, சமுத்திரம் என்று முடியும். தெற்கே செம்மண் காட்டில் விளை, கரிசலில் பட்டி. அதுபோல ஒரு நிலத்துக்கு ஓர் ஈறு வைத்தால், பெயரைப் படித்த உடனே வாசகருக்கு ஊர் எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டு முக்கியப் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் நல்லா ஓடும், அப்புறம் படுத்துரும். ஏன்?
*– வாசகர், கோவில்பட்டி*

பெரும்பாலும் மூன்று காரணம். முதலாவது, எல்லாமே உச்சியிலிருந்து பார்த்த எழுத்து. 'இந்நாட்டு மக்கள் வீரம் மிக்கவர்கள்' என்று எழுதினால் அடுத்த வரி வராது. கீழே இறங்கி ஒரு தெரு, ஒரு கடை, கடனுக்கு அரிசி கேட்டு நிற்கும் ஓர் ஆள் என்று எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது, தேடலில் விழுவது. உப்பளப் பாத்தியின் ஆழம் தெரியவில்லை என்று யூடியூபில் போனால் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் திரும்புவீர்கள். அந்த இடத்தில் ## என்று குறி போட்டுவிட்டு மேலே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் எல்லா ##-ஐயும் தேடி நிரப்பலாம்.

மூன்றாவதுதான் ஆளைச் சாய்ப்பது: முரண்பாடு. மூன்றாம் தேதி ராணி விதவை, ஒன்பதாம் தேதி ராஜா வேட்டைக்குப் போகிறார். உடனே பழையதைத் திருத்த உட்காருகிறோம், திருத்தம் திருத்தமாக ஒரு வாரம் போகிறது. திருத்தாதீர்கள். தனி நோட்டில் தேதி போட்டு ஒரு வரி குறித்துக்கொண்டு, புதியதுதான் சரி என்று வைத்து முன்னே போங்கள். ஜனவரியில் பார்க்கும்போது சில முரண்பாடுகள் நல்ல பதிவாகவே மாறும். இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே சம்பவத்தை வேறு வேறாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதானே.

கம்ப்யூட்டர் கிடையாது. போன்லயே முடிச்சிரலாமா?
*– பனியன் கடை ஊழியர், திருநெல்வேலி டவுன்*

தாராளமாக. குரல் தட்டச்சு வேகம் தரும். ஆனால் முற்றுப்புள்ளி போடுவதை அதை நம்பி விடக்கூடாது, வட்டார வழக்கில் பேசினால் சொல்லையும் மாற்றிப்போடும். 400 சொல் பேசினால் திருத்தக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நேரடியாகத் தளத்தில் எழுத வேண்டாம், சிக்னல் போனால் பத்தி போய்விடும். போனின் குறிப்பேட்டில் எழுதி, பிறகு ஒட்டுங்கள். தினமும் படுக்கும் முன் அன்றைக்கு எழுதியதை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளத்தை நம் ஊர் மறந்திருக்காது. கையெழுத்துப் பிரதி வைப்பவர்கள் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பரணில் வையுங்கள், கட்டிலுக்கு அடியில் வேண்டாம்.