பனியாற்றுக்குள் விரிசல்: தரை ஊடுருவும் ரேடார் பற்றிக் கேள்வி பதில்

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி: சார், பனிக்கட்டிக்குள் இருக்கும் விரிசல் மேலிருந்தே எப்படித் தெரிகிறது?

எதிரொலியை வைத்துத்தான், அம்மா. ரேடாரின் ஆன்டெனாவைச் சறுக்குப் பலகையில் கட்டிப் பனிமேல் இழுப்போம். அதிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை பனிக்கட்டியில் நொடிக்குச் சுமார் 16.8 கோடி மீட்டர் ஓடும். எதிரொலி 1 மைக்ரோ நொடியில் திரும்பினால் போக வர 168 மீட்டர். ஆழம் 84 மீட்டர்.

திரையில் தெரிவது கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு வளைவு. விரிசலை நெருங்க நெருங்க எதிரொலி சீக்கிரம் வரும், தாண்டியதும் மறுபடி தாமதமாகும். அதனால் வரும் வளைவு அது. புதிதாகப் பார்ப்பவர்கள் வளைவின் அகலத்தையே விரிசலின் அகலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. செங்குத்தான விரிசலின் சுவர் அலையை மேலே திருப்பி அனுப்பாது. பெரும்பாலும் அதன் உச்சிதான் சிக்கும்.

சூரமங்கலம்: உள்ளே காற்றா, தண்ணீரா?

ரேடியோ அலையை ஒரு பொருள் எவ்வளவு மெதுவாக்கும் என்று காட்டும் எண்தான் மின்கடத்தா மாறிலி. அது காற்றுக்கு 1, பனிக்கட்டிக்குச் சுமார் 3.2, தண்ணீருக்கு 80க்கு மேல். அலை தண்ணீரில் மோதினால் மேடு பள்ளமாகத் தலைகீழாகப் புரண்டு திரும்பும், காற்றில் மோதினால் புரளாது. பனிக்கட்டிக்கும் தண்ணீருக்கும் மாறிலியில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருப்பதால், தண்ணீர் நிறைந்த மெல்லிய விரிசல்கூடத் தெரியும்.

அதே நண்பர்: எந்த அலைவரிசை நல்லது?

மேலாக உள்ள பிளவுக்கு 200 முதல் 400 மெகாஹெர்ட்ஸ். ஆழத்துக்கு 50க்குக் கீழே. ஆழம் கூடினால் நுணுக்கம் குறையும்.

ஏற்காடு, காபித் தோட்டக்காரர்: இதைத் தெரிந்து என்ன ஆகப் போகிறது?

நிறைய ஆகும், ஐயா. உருகிய நீர் பனியாற்றின் அடிக்குப் போய்ச் சேர்ந்தால் பனியாறு வழுக்கும் வேகமே மாறும். அந்த நீர் குழாய் போன்ற வழிகளில்தான் ஓடுகிறது என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். ஸ்வீடனின் ஸ்டோர்கிளாசியாரன் என்ற பனியாற்றில் வெந்நீரால் துளையிட்டுப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. பெரும்பாலான துளைகளில் தட்டுப்பட்டவை விரிசல்கள்தான்! பாறையிலும் இதே கதைதான். மழை விட்டு இரண்டு நாள் கழித்து உங்கள் மலைப்பாதையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். வெட்டிய சார்னோகைட் பாறையில், மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, விரிசல் ஓடும் கோட்டில் மட்டும் ஈரம் கசியும்.

ஓமலூர், விவசாயி: அண்ணா, போர் போடும் முன்னே இதை வைத்து நீரோட்டம் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி, காசு வீண். பனிக்கட்டியில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் அலை தாராளமாகப் போகிறது. ஈரமான களிமண் அலையை ஓரிரு மீட்டரிலேயே விழுங்கிவிடும். நம் பக்கம் போர் நூற்றுக்கணக்கான அடி இறங்குகிறது. மண்ணில் கம்பி நட்டு மின்தடை அளக்கிறார்களே, அதைக் கேளுங்கள்.