தப்பித்ததைப் பாதுகாப்பு என்று எண்ணும்போது

கேள்வி: கடந்தகாலத் தவறுகள் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தும், நன்கு படித்தவர்களே அவற்றை மீண்டும் செய்கிறார்கள். மறதிதான் காரணமா?

பதில்: மறதியின்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் மாண்டனர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சூட்டில் அரிக்கப்படுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது; கடுங்குளிரில் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் முதல் நாள் இரவே மன்றாடியிருந்தனர். ஆனால், வளையம் அரிக்கப்பட்டும் ஓடம் பத்திரமாகத் திரும்பிய ஒவ்வொரு முறையும், நிர்வாகத்தினர் அதை வரப்போகும் ஆபத்தின் அறிகுறியாகக் கொள்ளாமல், இவ்வளவு அரிப்பைத் தாங்கும் என்பதற்கான சான்றாகவே எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணை நடந்தது, இணைப்பின் வடிவமைப்பும் மாற்றப்பட்டது. பிறகு 2003-இல், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு புறப்பாட்டின்போது இறக்கையைத் துளைத்திருந்த கொலம்பியா என்னும் இன்னொரு விண்ணோடம், பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறி மேலும் 7 பேரைப் பலிகொண்டது. நுரை பெயர்வதும் பல பயணங்களில் கண்டு பழகிப்போன குறைதான். வளையத்தைப் பற்றி அவர்கள் கற்றுக்கொண்டார்கள். தப்பித்ததையே பாதுகாப்பு என்று எண்ணும் தங்கள் வழக்கத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த தவறு வேறு உருவத்தில் வந்ததால், அது பழைய தவறுதான் என்று அடையாளம் காண முடியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பாடத்தைக் கடைப்பிடிப்பதற்கான சிரமத்தை நாள்தோறும் பட வேண்டியிருக்கிறது; அதன் பலனோ, எதுவும் நேராமல் போவதுதான் என்பதால் கண்ணுக்கே தெரிவதில்லை. ஜப்பானின் சன்ரிக்குக் கடற்கரையில் 1896-இல் ஆழிப்பேரலை வந்தபின் மேட்டுக்குக் குடிபெயர்ந்த மீனவர்கள் பலர், படகுக்கும் வலைக்கும் அன்றாடம் இறங்கி ஏறும் பாட்டைத் தாங்காமல் மெல்ல மெல்லக் கரைக்கே திரும்பினர். 1933-இல் அலை மீண்டும் வந்தது. அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. அன்றைய பிழைப்பு முன்னால் நின்றது, அலை எப்போதோ வருவதாக இருந்தது.

அதே கரையில் உள்ள அனெயோஷி என்னும் சிற்றூர், இரண்டு முறையும் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது. 1933-க்குப் பிறகு அங்கே நட்ட கல்லில், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டக் கூடாது என்று பொறித்தார்கள். அதன்பின் வந்த தலைமுறையினர், தாங்கள் காணாத அலைக்காக, கடலைவிட்டு விலகி மேட்டிலேயே வீடு கட்டி வாழ்ந்தனர். 2011-இல் வந்த அலை அந்தக் கல்லை எட்டாமல் கீழேயே நின்றது. மேலே இருந்த வீடுகள் தப்பின.