பழைய ஜீப்பைத் தானமாகக் கொடுக்கலாமா? அண்ணாச்சியிடம் கேட்டவை

அம்பையில் ஜீப் பட்டறை வைத்து முப்பது ஆண்டு ஆகிறது. வண்டியை விற்க வருகிறவர்களில் சிலர், "பேசாமல் ஏதாவது ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடலாமா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

களக்காடு: அப்பா வாழைத் தோட்டத்துக்குப் போய்வந்த 1998 மாடல் ஜீப் வீட்டில் நிற்கிறது. அப்பா போன வருடம் தவறிவிட்டார்கள். அதை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எங்கே தொடங்குவது?

ஆர்.சி. புத்தகத்தில் தொடங்குங்கள் தம்பி. வண்டி இன்னும் அப்பா பெயரில் இருப்பதால் நேராக இல்லத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்து, படிவம் 31 கொடுத்து முதலில் அம்மா பெயருக்கோ உங்கள் பெயருக்கோ மாற்றுங்கள். அதன் பிறகுதான் இல்லத்தின் பெயருக்கு மாற்றுவது.

அப்புறம், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்கு. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாக எப்.சி. (வண்டி ஓடத் தகுதி என்ற சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025-ல் அது 10,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. இந்தச் செலவை நீங்களே செய்து கொடுத்தால்தான் அது தானம். அதையும் இல்லத்தின் தலையில் கட்டினால், யானையைக் கொடுத்துத் தீனியை அவர்களையே தேடச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வள்ளியூர்: படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று. பெயர் மாற்றத்தை அறக்கட்டளைக்காரர்கள் மெதுவாகச் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

விடவே கூடாது. என் மாமா அப்படித்தான் செய்தார். தன் கமாண்டர் ஜீப்பை ஒரு இல்லத்துக்குக் கொடுத்தார். சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள், ஆர்.சி. மட்டும் அவர் பெயரிலேயே கிடந்தது. இல்லத்துக்காரர்கள் டீசல் போட முடியாமல் வண்டியை வேறொருவருக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி பைக்கில் வந்த ஒருவரை இடித்துவிட்டார். நீதிமன்ற நோட்டீஸ் மாமா வீட்டுக்கு வந்தது. எழுபது வயதில் அவர் மாதாமாதம் நீதிமன்றப் படி ஏறியதைப் பார்த்தவன் நான். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமும் 2018-ல் சொல்லியிருக்கிறது.

ஆகவே படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி, அவர்களின் பொறுப்பாளரோடு நீங்களும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள். வண்டியைக் கொடுத்த 14 நாளுக்குள் அங்கே தெரிவித்துவிட வேண்டும். அறக்கட்டளைப் பத்திர நகல், பான் எண், வண்டியை ஏற்றுக்கொள்வதாக நிர்வாகக் குழு போட்ட தீர்மானம் எல்லாம் அவர்கள் கொண்டுவரட்டும். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால், அடைத்ததற்குப் படிவம் 35 வாங்கி ஹைப்போவை (ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை) நீக்கியிருக்க வேண்டும். இன்சூரன்ஸையும் அவர்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு நிம்மதியாகத் தூங்குங்கள்.

பாளையங்கோட்டை: வண்டியின் மதிப்புக்கு, நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிச் சலுகை உண்டா?

இல்லை. பொருளாகக் கொடுப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான். அதிலும் ரொக்கம் என்றால் 2,000 ரூபாய் வரைதான். சலுகை முக்கியம் என்றால் வண்டியை நல்ல விலைக்கு விற்று, பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடைக்காது.

நாங்குநேரி: 2008 பொலீரோவை எங்கள் ஊராட்சிக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். அரசு, உள்ளாட்சி வண்டிகளுக்கு 15 ஆண்டோடு பதிவு முடிந்துவிடும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்துவிட்டது.

திசையன்விளை: நாங்கள் நடத்தும் காப்பகத்துக்கு ஒருவர் ஜிப்ஸி தருகிறேன் என்கிறார். தானமாக வருவதைச் சோதித்துப் பார்த்தால் தவறாக நினைப்பாரோ?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வண்டிக்கு அது பொருந்தாது அக்கா, பிள்ளைகள் ஏறப்போகிற வண்டி. பட்டறைக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உவரிப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் சேஸ் (அடிச்சட்டம்) துருவை முக்கியமாகப் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும். தேரிச் செம்மணலில் இறக்கி, போர் வீல் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். டிப்ரன்ஷியல் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

ஜிப்ஸி பெட்ரோல் வண்டி, நன்றாகவே குடிக்கும். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், டிரைவருக்குச் சம்பளம் யார் தருவது என்று கணக்குப் போடுங்கள். கட்டுப்படியாகாது என்றால் "விற்றுப் பணமாகத் தர முடியுமா ஐயா?" என்று கேளுங்கள். நல்ல மனதுக்காரர் கோபப்பட மாட்டார்.

விக்கிரமசிங்கபுரம்: மலையில் இருக்கிற காணிப் பழங்குடி மக்களுக்கு ஆம்புலன்ஸாக ஓட என் ஜீப்பைக் கொடுக்க நினைக்கிறேன்.

நல்ல நினைப்பு. ஆனால் சிவப்பு விளக்கு மாட்டினால் ஜீப் ஆம்புலன்ஸ் ஆகிவிடாது. அதற்குத் தனித் தர விதிகளும் தனிப் பதிவும் உண்டு. இன்னொன்று, அந்தக் குடியிருப்புகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. வண்டி போய்வர வனத்துறை அனுமதி வேண்டும். அதில் இஞ்சிக்குழி என்ற குடியிருப்பு காரையாறு அணைக்கும் அப்பால் இருக்கிறது, அங்கே ஜீப்பை வைத்து என்ன செய்வது? சின்ன மயிலாறு குடியிருப்புப் பக்கம் போய் அந்த மக்களிடமே உட்கார்ந்து பேசுங்கள். ஆஸ்பத்திரிக்கு வர வண்டிதான் தேவை என்று அவர்கள் சொன்னால், அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற, வனத்துறை அனுமதியுள்ள தொண்டு அமைப்பின் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். பிரேக், ஸ்டியரிங், லீஃப் பட்டை எல்லாம் பார்த்துத் தருவது என் பொறுப்பு. கூலி வேண்டாம்.